'சர்வர் டவுன்' ஆகும்போது பக்கத்து சர்வர் என்ன செய்கிறது? கிளவுட் உலகின் ரேம் பங்கீடு பற்றி ஒரு விளக்கம்

"சர்வர் டவுனா இருக்குண்ணே, ஒரு மணி நேரம் கழிச்சு வாங்க."

ராமநாதபுரம் மாவட்டம் சாயல்குடியில் இ-சேவை மையத்துக்கோ, ரேஷன் கடைக்கோ, பிரவுசிங் சென்டருக்கோ போய்வரும் யாருக்கும் இந்த வாக்கியத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மூக்கையூரிலிருந்தும் நரிப்பையூரிலிருந்தும் பஸ் ஏறி வந்தவர்களுக்கு 'ஒரு மணி நேரம்' என்பது பல சமயம் ஒருநாள் கூலி.

2025 மே 8ஆம் தேதியை எடுத்துக்கொள்வோம். அன்று காலை 9 மணிக்கு தமிழ்நாட்டில் பிளஸ் 2 தேர்வு முடிவுகள் வெளியாயின. தேர்வெழுதியவர்கள் 7 லட்சத்து 92 ஆயிரத்துக்கும் மேல். மாணவர், அப்பா, அம்மா, மாமா, டியூஷன் சார் என்று ஒரு பதிவெண்ணுக்கு நாலைந்து பேர் ஒரே நேரத்தில் தேடினால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இப்படிப்பட்ட நாட்களில் முதல் அரைமணி நேரம் இணையதளங்கள் திணறும். மறுநாள் அதே தளம் ஆளில்லாத பஸ் ஸ்டாண்ட் மாதிரி கிடக்கும்.

சர்வர் திணற பல காரணங்கள் உண்டு. இணைய லைன் நிரம்பலாம், டேட்டாபேஸில் கியூ நிற்கலாம், மென்பொருளே சரியாக எழுதப்படாமல் இருக்கலாம். அதிகம் பேசப்படாத இன்னொரு காரணம் மெமரி, அதாவது ரேம். இதில் வேடிக்கை என்னவென்றால், ஒரு சர்வர் ரேம் போதாமல் மூச்சுத் திணறும்போது, அதே அறையில் இரண்டடி தள்ளியிருக்கும் இன்னொரு சர்வரில் ஏராளமான ரேம் சும்மா கிடக்கலாம்.

அப்படின்னா எடுத்துக் கொடுக்க வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கலே.

கடை மேசையும் குடோனும்

போன் வாங்கும்போது '4 ஜிபி ரேம், 64 ஜிபி ஸ்டோரேஜ்' என்பார்கள். மளிகைக் கடையை நினைத்துக்கொண்டால் வித்தியாசம் எளிதில் புரியும். ஸ்டோரேஜ் என்பது பின்னால் இருக்கும் குடோன். ரேம் என்பது கடைக்காரருக்கு முன்னால் இருக்கும் மேசை. குடோனில் எவ்வளவு சரக்கு இருந்தாலும், பொட்டலம் கட்ட அதை மேசைக்குக் கொண்டுவந்துதான் ஆக வேண்டும். மேசை சின்னதாக இருந்தால் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் உள்ளே ஓடி வெளியே ஓடி வர வேண்டும்.

வேக வித்தியாசம் சாதாரணமானது அல்ல. சர்வரில் உள்ள ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்க சுமார் 100 நானோ வினாடி ஆகும். எஸ்எஸ்டியிலிருந்து எடுக்க ஏறத்தாழ 100 மைக்ரோ வினாடி, அதாவது ஆயிரம் மடங்கு. மேசையில் உள்ள பொருளை எடுக்க ஒரு நிமிடம் என்று வைத்துக்கொண்டால், குடோனுக்குப் போய்வர 16 மணி நேரத்துக்கு மேல்! ரேம் தீர்ந்துபோன சர்வர் ஸ்டோரேஜைத் தற்காலிக மேசையாக்கி சமாளிக்கப் பார்க்கும். நம் திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருப்பது பல நேரம் இதனால்தான்.

ஒண்டுக்குடித்தனம்தான் கிளவுட்

'கிளவுட்' என்றதும் வானத்தில் ஏதோ இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அது ஏசி போட்ட அறையில் அடுக்கி வைத்த கம்ப்யூட்டர்கள்தான். தமிழக அரசுக்கு சென்னை பெருங்குடியில் எல்காட் வளாகத்தில் மாநிலத் தரவு மையம் இருக்கிறது. மத்திய அரசு 2014இல் 'மேக்ராஜ்' என்ற பெயரில் அரசுத் துறைகளுக்கான தேசிய கிளவுடைத் தொடங்கியது. அதை நடத்துவது, தேர்வு முடிவுகளை வெளியிடும் அதே தேசிய தகவலியல் மையம்.

கிளவுடில் ஒரு பெரிய சர்வரை ஒரே துறைக்கோ கம்பெனிக்கோ முழுதாகக் கொடுப்பது குறைவு. ஒரு பெரிய வீட்டைத் தடுத்துப் பல குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுவது போல, ஒரு சர்வரைப் பல 'விர்ச்சுவல் மெஷின்'களாகப் பிரிப்பார்கள். சுருக்கமாக விஎம். ஒவ்வொரு விஎம்-மும் தன்னைத் தனி கம்ப்யூட்டர் என்றே நினைத்துக்கொண்டிருக்கும். இந்தத் தடுப்பைப் போட்டு நிர்வகிக்கும் மென்பொருளின் பெயர் ஹைப்பர்வைசர். நம் பாஷையில் வீட்டுக்காரர். விஎம்வேர், ஹைப்பர்-வி, லினக்ஸுக்குள்ளேயே இருக்கும் கேவிஎம் எல்லாம் இந்த வகைதான்.

சிபியுவைப் பங்கு போடுவது ஒப்பீட்டளவில் சுலபம். ஒரே அடிபம்பில் பத்து வீட்டார் மாறி மாறி தண்ணீர் அடிக்கிற மாதிரி, நொடியின் சிறு துண்டுகளை மாற்றி மாற்றிக் கொடுத்துவிடலாம். ரேம் அப்படி இல்லை. உங்கள் தகவல் அதில் உட்கார்ந்திருக்கும்வரை அந்த இடம் உங்களுடையது. நடுவில் பிடுங்கினால் தகவல் போச்சு.

துண்டு போட்டுப் பிடித்த சீட்

பஸ் நின்றதும் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிப்பார்களே, கிட்டத்தட்ட அதுதான் இங்கேயும் நடக்கிறது. விஎம் வாங்கும்போது 'எதற்கும் இருக்கட்டும்' என்று 16 ஜிபி கேட்பார்கள். அன்றாடப் பயன்பாடு 5 ஜிபி-கூட இருக்காது. மீதி 11 ஜிபி மீது துண்டு கிடக்கும். யாரும் உட்கார மாட்டார்கள், வேறு யாரையும் உட்காரவும் விட மாட்டார்கள்.

இது வெறும் யூகம் அல்ல. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் அஷ்யூர் கிளவுடை ஆராய்ந்து 2023இல் வெளியான 'பாண்ட்' என்ற ஆய்வு, ஏறத்தாழ பாதி விஎம்-கள் தாங்கள் வாடகைக்கு எடுத்த ரேமில் பாதியைக்கூடத் தொடுவதில்லை என்று கண்டது. 'பாண்ட்' என்றால் ஆங்கிலத்தில் குளம். பெயரில்கூட தண்ணீர்! அதற்கு அப்புறம் வருகிறோம்.

பலூன் ஊதி இடம் வாங்கும் வித்தை

முதலில் ஒரே சர்வருக்குள் நடக்கும் பங்கீட்டைப் பார்ப்போம். விஎம்வேரில் பணியாற்றிய கார்ல் வால்ட்ஸ்பர்கர் 2002இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைதான் இந்தத் துறைக்கு அரிச்சுவடி. அதில் சொன்ன யோசனைகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன.

ஒன்று, 'பலூன்'. குடியிருப்பவர் வீட்டில் எந்தச் சாமான் வேண்டும், எது வேண்டாம் என்று வீட்டுக்காரருக்குத் தெரியாது. அது குடியிருப்பவருக்குத்தான் தெரியும். அதனால் ஹைப்பர்வைசர் ஒரு தந்திரம் செய்கிறது. ஒவ்வொரு விஎம்-முக்குள்ளும் ஒரு சிறு மென்பொருளை வைத்துவிடும். தேவைப்படும்போது அது பலூன் மாதிரி ஊதி, 'எனக்கு இடம் வேணும்' என்று உள்ளிருக்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் கேட்கும். இடநெருக்கடி வந்ததும் அந்த ஆபரேட்டிங் சிஸ்டம் தனக்கு அதிகம் தேவைப்படாத பக்கங்களைத் தானே காலி செய்து பலூனுக்குக் கொடுக்கும். பலூன் பிடித்த இடத்தை ஹைப்பர்வைசர் எடுத்து, அவசரத்தில் இருக்கும் வேறு விஎம்-முக்குக் கொடுத்துவிடும். நெருக்கடி தீர்ந்ததும் காற்று இறங்கும். எதை இழப்பது என்று முடிவெடுப்பது குடியிருப்பவரே என்பதுதான் இதில் உள்ள புத்திசாலித்தனம்.

இரண்டாவது, ஒரே மாதிரியான பக்கங்களைச் சேர்ப்பது. ரேம் என்பது பொதுவாக 4 கிலோபைட் அளவுள்ள 'பக்கங்களாக' நிர்வகிக்கப்படுகிறது. பத்து விஎம்-களில் ஒரே ஆபரேட்டிங் சிஸ்டம் ஓடினால், ஒரே பக்கம் பத்து பிரதிகளாகக் கிடக்கும். பத்து வீட்டிலும் ஒரே தினசரி காலண்டர் தொங்குகிற மாதிரி. ஹைப்பர்வைசர் இவற்றை ஒப்பிட்டு, ஒரே ஒரு பிரதியை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் அதையே காட்டும். யாராவது அதில் எழுதப் போனால் மட்டும் அவருக்குத் தனியாக ஒரு நகல் எடுத்துக் கொடுக்கும்.

எவ்வளவு மிச்சமாகும்? வால்ட்ஸ்பர்கர் நிஜமான நிறுவனங்களின் சர்வர்களில் அளந்தபோது, விண்டோஸ் விஎம்-கள் 10 ஓடிய ஒரு சர்வரில் சுமார் 33 சதவீத ரேம் மீண்டது. லினக்ஸ் விஎம்-கள் 5 ஓடிய இன்னொன்றில் வெறும் 7 சதவீதம்தான். எல்லோரும் ஒரே மாதிரி இருந்தால் லாபம், இல்லையென்றால் சொற்பம். லினக்ஸுக்கு இதே வசதி 2009இல் 'கேஎஸ்எம்' என்ற பெயரில் வந்தது. 16 ஜிபி ரேம் கொண்ட சர்வரில், ஆளுக்கு 1 ஜிபி கொண்ட 52 விண்டோஸ் எக்ஸ்பி விஎம்-களை ரெட் ஹேட் ஓட்டிக் காட்டியது.

மூன்றாவது யோசனை எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்தது. அதன் பெயரே 'சும்மா கிடக்கும் நினைவகத்துக்கு வரி'. ஒவ்வொரு விஎம்-மிலும் 30 நொடிக்கு 100 பக்கங்களை மாதிரிக்கு எடுத்து, எத்தனை பக்கம் தொடப்படுகிறது என்று பார்ப்பார்கள். தொடப்படாமல் கிடப்பவற்றில் அதிகபட்சம் 75 சதவீதம்வரை, நெருக்கடி நேரத்தில் மற்றவர்களுக்காக எடுத்துக்கொள்ளலாம். மீதி 25 சதவீதத்தை விட்டுவைப்பது, திடீரென்று வேலை வந்தால் தடுமாறாமல் இருக்க. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு வரி போடுவது போலத்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரு?

இவ்வளவு நல்ல வித்தையை எல்லோரும் ஏன் பயன்படுத்துவதில்லை? ஒண்டுக்குடித்தனத்தின் பழைய பிரச்சினைதான். சுவர் மெல்லியது.

பகிர்ந்துகொண்ட பக்கத்தில் எழுதினால் புது நகல் எடுக்க வேண்டும், அதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும். அந்தத் தாமதத்தை அளந்தே, 'பக்கத்து விஎம்-மிலும் இதே தகவல் இருக்கிறது' என்று வெளியாள் ஊகித்துவிடலாம். பகிர்ந்த பக்கங்கள் வழியாக ரகசியக் குறியீட்டுச் சாவிகளைக்கூடக் கண்டுபிடிக்க முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டிய பிறகு, 2014 அக்டோபரில் விஎம்வேர் ஒரு முடிவெடுத்தது. வெவ்வேறு விஎம்-களுக்கு இடையே பக்கங்களைப் பகிரும் வசதியை இனி இயல்பாக அணைத்தே வைப்போம் என்று அறிவித்தது. தான் பிரபலப்படுத்திய வசதியைத் தானே பூட்டியது.

2016இல் நிலைமை இன்னும் மோசமானது. ஆம்ஸ்டர்டாமின் விரியே பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சக ஆய்வாளர்களும் 'ஃபிளிப் ஃபெங் ஷுய்' என்ற தாக்குதலை விளக்கினார்கள். தாக்குபவர் தன் விஎம்-மில், மற்றவரிடம் இருக்கும் பக்கத்தைப் போலவே ஒன்றைத் தயார் செய்வார். ஹைப்பர்வைசர் இரண்டையும் ஒன்றாக்கும். பிறகு அந்த ரேம் சிப்பில் அக்கம்பக்க வரிசைகளை மிக வேகமாகத் திரும்பத் திரும்பத் தட்டி, அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பிட்டை மாற்றிவிடுவார். அது உள்ளே நுழையும் சாவியைச் சரிபார்க்கும் பக்கமாக இருந்தால்? பூட்டே மாறிவிடும்.

ஆகவே, முகம் தெரியாத பல வாடிக்கையாளர்கள் கலந்து குடியிருக்கும் கிளவுடில் இந்தப் பக்கப் பகிர்வு ஆபத்தான சிக்கனம். ஒரே நிறுவனத்தின் சோதனை சர்வர்களில் பரவாயில்லை. ஆதார், வங்கி, மருத்துவப் பதிவுகள் ஓடும் இடத்தில் வேண்டாம் என்பதே சரி. பெரிய பொதுக் கிளவுட் நிறுவனங்கள் வழக்கமான விஎம்-களுக்குக் கேட்ட ரேமை முன்கூட்டியே முழுதாக ஒதுக்கி வைப்பது வேகத்துக்காகவும்தான். துண்டு போட்ட சீட் அப்படியே காலியாகப் போகிறது.

கலுங்கு இல்லாத கண்மாய்கள்

இப்போது சர்வரை விட்டு வெளியே வருவோம்.

ராமநாதபுரம்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். இது கண்மாய்களின் மாவட்டம். மேல் கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குப் போகும், அது நிறைந்தால் அதற்கடுத்தது. இப்படியே சங்கிலி. வைகைத் தண்ணீர் ராமநாதபுரம் பெரிய கண்மாய்வரை வந்து சேர்வது இந்த ஏற்பாட்டில்தான். வரத்துக் கால்வாய் தூர்ந்துபோனால் என்ன நடக்கும் என்பதும் இங்கே எல்லோருக்கும் தெரியும். ஓரிடத்தில் தண்ணீர் தேங்கும், பக்கத்து ஊர் வயல் வெடிக்கும்.

தரவு மையத்தில் உள்ள சர்வர்கள் காலங்காலமாக கலுங்கு இல்லாத கண்மாய்கள். ரேம் சிப்புகள் அந்தந்த சர்வரின் போர்டிலேயே பதிந்திருக்கும். ஒரு சர்வரின் சிபியு முழுக்க விற்றுத் தீர்ந்துவிட்டால், மிச்சமிருக்கும் ரேமை யாருக்கும் விற்க முடியாது. ரேம் மட்டும் வாங்கி என்ன செய்வது, கணக்குப் போட ஆள் வேண்டுமே! இதைத் 'தவிக்கும் நினைவகம்' என்று சொல்லலாம். அஷ்யூரில் இப்படிச் சிக்கிக்கொண்ட ரேம் 25 சதவீதம்வரை போனதாக 'பாண்ட்' ஆய்வு சொல்கிறது. சர்வர் செலவில் சுமார் பாதி ரேமுக்கே போகிறது என்றும் அதே ஆய்வு கூறுகிறது. நாலில் ஒரு பங்கு தேங்கிக் கிடந்தால் அந்த வாடகையைக் கட்டுவது கடைசியில் வாடிக்கையாளர்தான். அரசு சேவையாக இருந்தால் நம் வரிப்பணம்.

இதைத் தீர்க்க முதலில் வந்த வழி, தண்ணீரை விட்டுவிட்டு ஆட்களை நகர்த்துவது. ஓடிக்கொண்டிருக்கும் விஎம்-மை நிறுத்தாமலேயே, இடமிருக்கும் வேறு சர்வருக்குக் குடிமாற்றுவார்கள். 2003 முதலே விஎம்வேரில் இந்த வசதி உண்டு. ஆனால் வீடு மாற்றுவது போல இதற்கும் நேரமும் நெட்வொர்க் வேகமும் வேண்டும். 9 மணிக்கு வரும் கூட்டத்துக்கு 9 மணிக்கு வீடு மாற்றினால் ஆகாது.

இரண்டாவது வழி, பக்கத்து சர்வரின் ரேமை நெட்வொர்க் வழியாகக் கடன் வாங்குவது. மிச்சிகன் பல்கலைக்கழகம் 2017இல் உருவாக்கிய 'இன்ஃபினிஸ்வாப்' இந்த வகை. ரேம் தீர்ந்தால் ஸ்டோரேஜுக்கு ஓடாமல், பக்கத்து சர்வரின் காலி ரேமுக்கு ஓடும். மைக்ரோ வினாடிகளில் வேலை முடியும். எஸ்எஸ்டியைவிட வேகம், சொந்த ரேமைவிட பல மடங்கு மெதுவு.

மூன்றாவதுதான் இப்போது எல்லோரும் பேசுவது. சிஎக்ஸ்எல்.

சிஎக்ஸ்எல்: பொதுக் குளம்

இன்டெல் உள்ளிட்ட நிறுவனங்கள் 2019இல் தொடங்கிய பொதுத் தரநிலை இது. ரேமை சர்வருக்குள் அடைக்காமல், தனிப் பெட்டியில் வைத்து, பல சர்வர்களை அதிவேக இணைப்பில் சேர்ப்பதுதான் யோசனை. கிராபிக்ஸ் கார்டு செருகும் அதே பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையில் இது ஓடுகிறது. 2020இல் வந்த 2.0 பதிப்பு, ஒரு ரேம் பெட்டியைப் பல சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வழி செய்தது. 2022இல் வந்த 3.0, ஒரே ரேம் பகுதியைப் பல சர்வர்கள் ஒரே நேரத்தில் பயன்படுத்தவும் இடம் கொடுத்தது. முன்னது குளத்தைப் பாத்தி பிரித்துக் கொடுப்பது, பின்னது ஒரே படித்துறையில் எல்லோரும் இறங்குவது.

'பாண்ட்' ஆய்வில் 8 முதல் 16 ப்ராசஸர்கள் ஒரு குளத்தைப் பகிர்ந்தால், சொந்த ரேமைவிட 70 முதல் 90 நானோ வினாடிதான் கூடுதலாகும் என்று கணக்கிட்டார்கள். ஏறத்தாழ இரண்டு மடங்கு நேரம். கேட்க அதிகமாகத் தோன்றினாலும், ஸ்டோரேஜின் ஆயிரம் மடங்கோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. எந்த விஎம் எவ்வளவு ரேமைத் தொடாமல் விடும் என்று முன்கூட்டியே கணித்து, அந்தத் தொடாத பகுதியை மட்டும் குளத்தில் வைத்தார்கள். வேகம் பெரிதாகக் குறையாமலே, மொத்த ரேம் செலவில் சுமார் 7 சதவீதம் மிச்சமாகும் என்பது அவர்கள் கண்ட விடை.

25 சதவீதம் வீணாகும் இடத்தில் 7தான் மீளுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குளம் பெரிதாக ஆக, இணைப்பு நீளும், தாமதம் கூடும், பெட்டியும் ஸ்விட்சும் செலவு வைக்கும். இன்னொன்று, பொதுக் குளத்தின் கரை உடைந்தால் பாதிப்பு ஒரு வீட்டோடு நிற்காது. பெட்டி பழுதானால் அதில் பங்கு வைத்திருந்த எல்லா விஎம்-களும் விழும். சின்னச் சின்னக் குளங்களாக வைப்பதுதான் இப்போதைக்கு புத்திசாலித்தனம்.

சென்னையில் மிச்சம், சாயல்குடியில் பற்றாக்குறை என்றால்?

முடியாது. இதில் எந்தத் தொழில்நுட்பமும் உதவாது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னைக்கும் சாயல்குடிக்கும் நடுவே 500 கிலோமீட்டர் கேபிள் என்றே வைத்துக்கொள்ளுங்கள், போய்வர 5 மில்லி வினாடி. சொந்த ரேமைவிட 50 ஆயிரம் மடங்கு மெதுவு. அதனால் ரேம் பங்கீடு என்பது ஒரே அறைக்குள், பெரும்பாலும் ஒரே அலமாரிக்குள் நடக்கும் விஷயம். ஊர் விட்டு ஊர் போவது தகவல் மட்டும்தான்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

ரேம் விலைதான் காரணம். உலகில் டிராம் சிப்புகளைப் பெருமளவில் தயாரிப்பவை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்றே நிறுவனங்கள். 2025 இறுதியில் ஏஐ தரவு மையங்களின் தேவை எகிறியதால் விலையும் எகிறியது. 2025 டிசம்பரில், சாதாரண வாடிக்கையாளர்களுக்கு 'குரூஷியல்' பெயரில் ரேம் விற்றுவந்த தொழிலையே விட்டு விலகுவதாக மைக்ரான் அறிவித்தது. பெரிய வாடிக்கையாளர்களுக்கே சரக்கு போதவில்லை என்ற நிலை. பிரவுசிங் சென்டரில் பழைய கம்ப்யூட்டருக்கு 8 ஜிபி கூடுதலாகப் போட நினைப்பவரும், பிள்ளைக்கு போன் வாங்க நினைப்பவரும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டும். வரிசையின் கடைசியில்.

சரி, அடுத்த ரிசல்ட் நாளில்?

சிஎக்ஸ்எல் வந்தால் 'சர்வர் டவுன்' ஒழிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். திடீர் கூட்டத்துக்கு ரேம் பங்கீடு ஒரு கைகொடுக்கும், அவ்வளவுதான். ஆட்கள் வரும் முன்பே கூடுதல் விஎம்-களைத் தயாராக வைப்பதும், முடிவுப் பக்கத்தை எளிமையாக, ரேம் அதிகம் தின்னாத மாதிரி வடிவமைப்பதும் அதைவிட முக்கியம். கிளவுட் சேவை எடுக்கும் அலுவலகங்கள், தங்களுக்கு விற்கப்படும் ரேம் முழுதாக ஒதுக்கப்பட்டதா, அல்லது பலருக்குச் சேர்த்து விற்கப்பட்டதா என்று ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டாவது வகை.

கூட்டத்தைக் கலைப்பதும் ஒரு வழி. தமிழகத்தில் பிளஸ் 2 முடிவுகள் இணையதளத்தில் மட்டுமின்றி டிஜிலாக்கரிலும் கிடைக்கின்றன. பள்ளியில் கொடுத்த செல்போன் எண்ணுக்குக் குறுஞ்செய்தியாகவும் வருகின்றன. அந்த எண் மாறியிருந்தால் பள்ளியில் முன்கூட்டியே சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள். 9 மணிக்கு நீங்கள் சர்வரைத் தேடிப் போக வேண்டாம், அதுவே உங்களைத் தேடி வரும்.